ஒரு தட்டு ஹைபன், இரண்டு தட்டு டேஷ்

மாஸ்டர்,

நேற்று ஒரு பட்டுப்புடவைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தேன். என் மனைவியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். புடவை எடுத்த இடம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம்தான். காமாட்சியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் உங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த அதே ஹால். இப்போது அது பக்கத்துப் பட்டுக்கடையோடு சேர்ந்துவிட்டது. பெட்டி மூடியில் ஆங்கிலத் தங்க எழுத்தில் ‘ஹேண்ட்’ என்று போட்டு, ஒரு விரல் நீளத்துக்குக் கோடு இழுத்து, அந்தப் பக்கம் ‘வோவன்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். கையால் நெய்தது என்று சொல்ல வந்தவர்கள் கையை ஒரு கரையிலும் நெசவை மறு கரையிலும் நிறுத்திவிட்டார்கள். அதைக் காட்டுவதற்காக உங்கள் பக்கம் திரும்பினேன். நீங்கள் போன பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

“சின்னக் கோடு போட வேண்டிய எடத்துல நீட்டுக் கோடு போட்டா, புருஷனுக்கு ஒரு ஊரு, பொண்டாட்டிக்கு ஒரு ஊருன்னு டிரான்ஸ்பர் போட்ட மாதிரி சார்” என்பீர்கள். என் மனைவியும் நானும் வேலை பார்த்த நாட்களில் அப்படிப் பிரிந்திருந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்வீர்கள்.

நாம் பழக ஆரம்பித்ததே இந்தக் கோட்டினால்தான். என்னிடம் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் சாயங்காலம் உங்களிடம் டைப் பழக வருவார்கள். ஒருநாள் கையில் ஒரு தாளோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றீர்கள். எனக்கு நீங்கள் யாரென்றே தெரியாது.

“நீங்கதானே இங்கிலீஷ் சார்? உங்க பசங்களால எனக்கு ஒரே பேஜாரா இருக்குது.”

“ஏன், என்ன பண்ணினாங்க?”

“நீங்க கேள்வி படிக்கும்போது ‘இந்தியாவின் தலைநகரம் டேஷ்’னு படிக்கிறீங்களாமே. அதனால நான் டிக்டேஷன்ல டேஷ்னு சொன்னா கோடு போட மாட்றாங்க. யோசிச்சி ஒரு வார்த்தைய அடிச்சி ரொப்பிடறாங்க. காலியா வுட்டா மார்க்கு போயிடுமாம்!”

தாளைப் பார்த்தேன். கோடு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்த சொற்கள். இருவரும் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டேஷ் என்றால் நிரப்ப வேண்டிய இடம். அப்படிப் பழக்கியவர்கள் நாங்கள்தான். அதற்கு அப்புறம் வகுப்பில் கேள்வி படிக்கும்போது அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு கையால் காற்றில் கோடு போட ஆரம்பித்தேன். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்து காட்டிச் சிரித்தார்கள் என்பதும் உங்கள் மூலம்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே உங்கள் ஹாலுக்கு வந்தேன். மெஷின் எண்ணெய் வாசனை, கார்பன் வாசனை, வரி முடியும்போதெல்லாம் மணிச் சத்தம். மெஷினில் இரண்டு கோட்டுக்கும் ஒரே விசைதான் என்று காட்டினீர்கள். ஒரு தட்டு தட்டினால் ஹைபன், இரண்டு பக்கமும் இடம் விடக்கூடாது. இரண்டு தட்டு தட்டினால் டேஷ், இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும். புதிதாக வந்திருந்த ஒரு பெண் விழித்தபோது, நெசவு வீட்டில் பிறந்த நீங்கள் புடவையை உதாரணம் சொன்னீர்கள்.

“ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டையும் கோர்வை போட்டுச் சேர்க்கறாங்க இல்ல? இழுத்தாலும் வராது. அது ஹைபன். ஒரே பாவுல அடுத்தடுத்துப் புடவை நெய்யும்போது, ஒண்ணு முடிஞ்சி இன்னொண்ணு ஆரம்பிக்கறதுக்குள்ள குறுக்கால ஊடை நூலு ஓட்டாம வெறும் இழையா கொஞ்சம் வுடுவாங்க. அது டேஷ். வெறும் இழைதான், ஆனா அறுந்து போவல. அந்தாண்ட இன்னும் புடவை இருக்குது.”

பிறகு என் வகுப்பில் அதையே சொன்னேன். என் பங்குக்குப் பழைய பட்டு வாங்கும் கடையைச் சேர்த்துக்கொண்டேன். ‘ஓல்டு’க்கும் ‘சில்க்’குக்கும் நடுவில் சின்னக் கோடு வந்தால் அது பழைய பட்டை வாங்கும் கடை. கோடு ‘சில்க்’குக்கும் ‘ஷாப்’புக்கும் நடுவில் நகர்ந்தால் கடைக்குத்தான் வயசாகிவிட்டது. எந்தக் கடைக்கு உங்கள் அம்மா கிழிந்த புடவையை எடுத்துப்போவார் என்று கேட்பேன். ஒருவரும் தப்பாகச் சொன்னதில்லை.

நீங்கள் ஊராருக்கு எழுதித் தரும் விண்ணப்பங்களில் நீட்டுக் கோடு அதிகம் என்று நான் குறை சொல்வேன். “கோடு போட்டா மூச்சு வுடலாம் சார். ஆபீசருக்கும் மூச்சு இருக்குது இல்ல?” என்பீர்கள். இப்போது எதிர்வீட்டுப் பெண் வேலைக்கு எழுதிய கடிதத்தில் நான் ஒரு நீட்டுக் கோடு போட்டுக் கொடுத்தால், “அய்யோ தாத்தா, இது இருந்தா ஏஐ எழுதிச்சின்னு சொல்லிடுவாங்க” என்று அழித்துவிடுகிறாள். நீங்கள் இருந்திருந்தால் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் சிரித்திருப்பீர்கள்.

பக்கவாதம் வந்து நீங்கள் எழுந்தபோது கால் திரும்பியது, கை ஓரளவு திரும்பியது. பேச்சுதான் பாதி வழியில் நின்று நின்று வந்தது. ஒரு சொல் வரும், அடுத்த சொல்லுக்கு நெடுநேரம் ஆகும். அதுவரை யாருக்கும் பொறுமை இல்லை. அன்பினால்தான் பொறுமை இல்லை. “எனக்கு…” என்று நீங்கள் ஆரம்பித்தால் உங்கள் வீட்டம்மா, “காபியா? தண்ணியா? பேன் போடணுமா? முதுகு வலிக்குதா?” என்று அடுக்கிவிடுவார். களைத்துப்போய் நீங்கள் ஏதோ ஒன்றுக்குத் தலையாட்டுவீர்கள். வேண்டாத காபியை எத்தனை முறை குடித்தீர்களோ.

நானும் ஒருநாள் அப்படி ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் நாற்காலிக் கையில் உங்கள் விரல் தட்டியது. டொக், டொக். என்னை முறைத்தீர்கள். மறுபடியும் டொக், டொக். எனக்குப் புரிந்துவிட்டது. டேஷ். இரு, அந்தாண்ட இன்னும் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். என்னவோ பெரிதாக வரப்போகிறது என்று நினைத்தேன்.

“சட்டை… பட்டன்… மாத்திப்… போட்டுக்கினு… வந்துட்டீங்க.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அன்று நாம் சிரித்ததைக் கேட்டு உங்கள் வீட்டம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார். அதற்குப் பிறகு நாம் எத்தனையோ பேசினோம். ஒரு சாயங்காலத்துக்கு நாலைந்து வாக்கியங்கள்தான் தேறும். ஆனால் அத்தனையும் முழு வாக்கியங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்படி முடியவில்லை. உங்கள் மகன் பாபு ஶ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் வந்து உங்கள் எதிரில் உட்கார்ந்தான். உங்களுக்கு முடியாமல் போனதிலிருந்து ஹாலையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணெல்லாம் தூக்கம்.

“பக்கத்துக் கடைக்காரரு கேட்டுக்கினே இருக்காருப்பா. என்னால ரெண்டையும் பாக்க முடியல. ஹாலை இன்னா பண்ணலாம், நீயே சொல்லு.”

“ஹாலை—” என்றீர்கள். விரல் இரண்டு முறை தட்டியது.

“குடுத்துடலாம்ங்கறாரு பாபு” என்றார் உங்கள் வீட்டம்மா.

“சரிம்மா, அப்ப நான் போய்ச் சொல்லிடறேன்.” அவன் எழுந்துவிட்டான்.

“இருப்பா, அப்பா இன்னும் முடிக்கல” என்றேன். அவன் உட்கார்ந்தான். எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்தோம். முன்பக்கத்து ஹாலில் யாரோ டைப் பழகிக்கொண்டிருந்தார்கள். வரி முடிந்து மணி அடித்தது, இன்னொரு வரி முடிந்து மணி அடித்தது. உங்கள் உதடு எதையோ தேடியது. அப்புறம் உங்கள் பார்வை பாபுவின் மேல் போய், அவனுடைய சிவந்த கண்ணில் நின்றது. உதடு தேடுவதை விட்டுவிட்டது.

“சரி” என்றீர்கள்.

தடங்கல் இல்லாமல் வந்த சொல் அது. அதனாலேயே அது நீங்கள் தேடிய சொல் இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஹாலைப் பாதியாகத் தடுத்துவிடச் சொல்ல வந்தீர்களா, பழைய மாணவர் யாரிடமாவது ஒப்படைக்கச் சொல்ல வந்தீர்களா, இல்லை கொடுக்கவே வேண்டாம் என்றுதானா? அடுத்த வாரம் கேட்கலாம் என்று இருந்தேன். அதற்குள் மெஷின்களை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது. போன பிறகு கேட்டால் ஆறுகிற புண்ணைக் கிளறுவதாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். நீங்களும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோபுரம், மழை, என் சட்டைப் பட்டன் என்று பேசிக்கொண்டிருந்தோம். காத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு நாள் நிறைய இருக்கும் என்று நம்பியிருந்தேன், மாஸ்டர். இருக்கவில்லை.

நேற்று அந்தப் பெட்டியோடு கடையிலிருந்து வெளியே வந்தபோது பாபுவைப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தான். காதோரம் நரை வந்துவிட்டது. சௌக்கியம் விசாரித்தான். பிறகு கடைக்குள்ளே, உங்கள் மேசை இருந்த பக்கம் பார்த்தான். இப்போது அங்கே ஒரு பொம்மை பட்டுக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

“சார், அன்னிக்கி அப்பா—” என்றான்.

அவனுக்கு ஆறுதலாக ஒரு வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. அப்பாவுக்குச் சம்மதம்தான்பா, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. சொல்லியிருந்தால் அவன் தலையாட்டியிருப்பான், வேண்டாத காபிக்கு நீங்கள் ஆட்டியதுபோல. என் விரல் பெட்டி மூடியில் இரண்டு முறை தட்டியது. காத்திருந்தேன். ஆட்டோக்கள் போயின. அவனுடைய பஸ் வந்து, அவன் ஏறாமலே போய்விட்டது.

“…இன்னா சொல்ல வந்தாருன்னு நான் ஒரு தபா கேட்டிருக்கலாம் சார்.”

“நானும் கேட்டிருக்கலாம்பா” என்றேன்.

அடுத்த பஸ் வரும்வரை அவனோடு நின்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, சொல் வராத இடங்களில் என் விரல் தானாக மேசையில் தட்டுகிறது. உள்ளேயிருந்து என் மனைவி, “யாருங்க, யாராவது கதவத் தட்டறாங்களா?” என்று கேட்கிறாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், சற்றுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.