பார்க்காமல் போட்ட கையெழுத்து

ஜனக்புரி, தில்லி
நவம்பர் 23, ஞாயிறு

அன்புள்ள மகள் கனிமொழிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, கௌதமன், கவி, அஷ்வத், நான் எல்லோரும் சௌகரியமாக இருக்கிறோம். அங்கே நீயும் நலம்தானே என்று வழக்கம்போல் எழுதக் கை வந்தது, நிறுத்திக்கொண்டேன். நீ நலமாக இல்லை என்று போன சனிக்கிழமை அம்மா சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே. அப்பாகிட்டச் சொல்லாதே என்று நீ கேட்டுக்கொண்டதை மூன்று வாரம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள், அவளைச் சொல்ல வைத்தது என் வாய்தான். இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நான் நடுவில் புகுந்து வாதாடுவேன், நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லி வைத்துவிடுவாய், நமக்குள் எப்போதும் அதுதானே நடக்கிறது. கடிதத்தில் நான் ஒருவனே பேசலாம், நீ பிடிக்காத இடத்தில் மடித்து வைத்துவிட்டுப் பிறகு படிக்கலாம்.

அன்றைக்கு நடந்தது இதுதான். காற்று மோசமாகிவிட்டதென்று இங்கே பள்ளிக்கூடங்களை மூடி மொபைலில் பாடம் நடத்துகிறார்கள், அது உனக்குத் தெரிந்த கூத்து. மேல்வீட்டு சுந்தரேசன் டீ குடிக்க வந்தவர், என்ன ராஜசேகரன், இப்ப ஊரே உங்க வழிக்கு வந்துடுச்சு பாத்தீங்களா என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பொண்ணு ஆறாம் வகுப்புலேர்ந்து பள்ளிக்கூட வாசப்படி மிதிக்கல, இந்தச் சாப்பாட்டு மேசையிலதான் எல்லாம் சொல்லிக் குடுத்தேன், இன்னைக்கு ஜெர்மனியில நர்ஸ் பயிற்சியில இருக்கா என்று அளந்துகொண்டிருந்தேன். பேங்கிலிருந்து வந்த அம்மா தோள்பையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் போனபிறகு வந்து, நீங்க பேசறதக் கேட்டுட்டு நிக்க முடியலீங்க, உங்க பொண்ணு மருந்துக் கணக்குப் பரீட்சையில தோத்துட்டா என்றாள். இத்தனை மில்லியில் இத்தனை மில்லிகிராம் இருந்தால் நோயாளிக்கு எவ்வளவு ஏற்றவேண்டும் என்கிற கணக்கு உனக்குப் பிடிபடவில்லை என்றும், ஜனவரியில் இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுத விடுவார்கள் என்றும், அதிலும் தவறினால் பயிற்சியே முடிந்து ஊர் திரும்ப வேண்டியதுதான் என்றும் சொன்னாள். அதோடு நீ அழுதுகொண்டே சொன்னதையும் அப்படியே சொன்னாள். தம்பி தங்கச்சி எல்லாத்துக்கும் நாந்தாம்மா கணக்குச் சொல்லிக் குடுத்தேன், எனக்கு ஆரு சொல்லிக் குடுத்தாங்க.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. வருத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆரு சொல்லிக் குடுத்தாங்களா, என்னிடம் அத்தாட்சி இருக்கிறது என்று ஸ்டூலைப் போட்டு ஏறி லாஃப்டிலிருந்து பழைய பதிவு நோட்டுகளை இறக்கினேன். ஏர்ஃபோர்ஸை விட்டு வந்த கையோடு, விமானத்துக்கு வைத்திருந்த பதிவேடு மாதிரியே உங்களுக்கும் வருஷத்துக்கு ஒரு நீள நோட்டுப் போட்டேனே, பிள்ளைக்கு ஒரு பத்தி, என்ன பாடம், எத்தனை மணிக்கு, முடிந்ததா, பார்த்தவர் கையெழுத்து, கடைசியில் குறிப்பு. 2018-ஆம் வருஷ நோட்டை எடுத்து உன் பத்தியைத் தேடினேன். பின்னம், முடிந்தது, என் கையெழுத்து. விகிதம், முடிந்தது, என் கையெழுத்து. சதவீதம், அதுவும் முடிந்தது. இதோ பார் சாந்தா என்று அம்மாவிடம் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, ஓரத்துல குறிப்புன்னு இருக்கறதப் படிச்சீங்களா என்றாள். அந்தக் கட்டத்தை நிரப்புவது உன் வேலை. ஏழு வருஷமாக நான் அதைப் படித்ததே இல்லை, அம்மணி.

ஆகஸ்ட் பதினான்கு, பத்து மணி முதல் பதினொன்று, கனி, விகிதம், முடிந்தது. அதே வரியின் ஓரத்தில் உன் பொடி எழுத்தில், கௌதமனுக்கு ஐந்தாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன், கவி அழுதாள், தூங்க வைத்தேன். மறுநாள் சுதந்திர தினம், பாடம் இல்லை. பதினாறாம் தேதி, விகிதம், முடிந்தது, ஓரத்தில், அஷ்வத்துக்குப் பால், 150 மில்லி, 5 கரண்டி, கௌதமன் சண்டை. பதினேழாம் தேதி, அஷ்வத்துக்கு வயிற்றுப்போக்கு, துணி துவைத்தேன். அம்மாவுக்குப் பிரசவ லீவு முடிந்து பேங்குக்குத் திரும்பிய சமயம் அது. உனக்குப் பதின்மூன்று வயது. ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் உன் கணக்குப் பாடம் எழுபத்து நாலு என்று எழுதியிருக்கிறேன், அதில் ஐம்பத்தெட்டு நாள் அந்த ஒரு மணி நேரத்தை நீ தம்பி தங்கைகளுக்குக் கொடுத்திருக்கிறாய். ஐம்பத்தெட்டிலும் என் கையெழுத்து அழகாக இருக்கிறது. பரீட்சை வந்தபோது ஓப்பன் ஸ்கூல் கேள்விகளை உருப்போட்டு எப்படியோ தேறிவிட்டாய், நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

இருபது வருஷ சர்வீஸில் செய்யாத வேலைக்கு ஒரு தடவை நான் கையெழுத்துப் போட்டதில்லை என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒரு சின்ன ஸ்பேனர் கணக்கில் குறைந்ததென்று ஜோத்பூரில் ஒரு நாள் முழுக்க விமானத்தைக் கிளம்ப விடாமல் மண்டியிட்டுத் தேடிய கதையை கௌதமன் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்வான். மேலதிகாரி நின்று கத்தினார், நான் போடவில்லை. அந்தக் கை வீட்டுக்கு வந்ததும் என்ன ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். நாலு பிள்ளைகள், நாலு விதமான வயது, ஒரே ஆள், ஒருத்தன் கூட்டல் கேட்கும்போது இன்னொருத்தி ஜட்டியை நனைத்துக்கொண்டு நிற்பாள், குக்கர் விசில் அடிக்கும், நான் என்ன செய்ய என்று உனக்கு ஒரு பக்கம் எழுதினேன். எழுதிப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அத்தனையும் நிஜம்தான், ஆனால் அது பொய்க் கையெழுத்துக்குக் காரணம் ஆகாது. முடியவில்லை என்று எழுதியிருக்கலாம். பாக்கி என்று எழுதியிருக்கலாம். கனி பெரியவள், அவள் சமாளித்துக்கொள்வாள் என்று நானே முடிவு கட்டி முடிந்தது என்று எழுதிவிட்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா அடுத்த நாள் காலை சட்னி அரைத்துக்கொண்டே, இந்த வருஷ நோட்டையும் ஒரு தடவை பாருங்க என்றாள். பார்த்தேன். இப்போது கவிக்குப் பதினொன்று. ஏப்ரலிலிருந்து அவள் பத்தியில் பாதி நாள் குறிப்பில் அஷ்வத்துடன், அஷ்வத்துடன், அஷ்வத்துடன் என்றே இருக்கிறது. அவனுக்கு ஏழு முடிந்து எட்டு நடக்கிறது, ஹிந்தியில் நூறு வரை கடகடவென்று எண்ணுவான், தமிழில் தொண்ணூறு வந்தால் நின்றுவிடுவான், தினமும் ஆரிப் பாயின் காய்கறி வண்டியில் நிறுக்கச் சொல்லி அரைக் கிலோ கால் கிலோவை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அதற்கும் அவனைக் கூட்டிப்போவது கவிதான். அவள் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை, நீயும் முணுமுணுக்கவில்லை. அப்போதுதான் அம்மா கேட்டாள், கௌதமனுக்குப் பதினாலு வயசாச்சே, அவன ஏன் நீங்க ஒரு நாளும் கூப்பிடல. நான் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்யாமலே உன்னையும் கவியையும்தான் கூப்பிட்டிருக்கிறேன், அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தும் என் வாயில் அவன் பெயர் வந்ததே இல்லை. பெண்பிள்ளைகளையும் பையன்களையும் ஒரே மாதிரி வளர்க்கிறேன் என்று சுந்தரேசனிடம் இதையும்தான் அளந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மூவரையும் மேசைக்குக் கூப்பிட்டு நோட்டை விரித்து வைத்து நடந்ததைச் சொன்னேன். கவிக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பள்ளிக்கூடம் போக ஆசையென்றால் இங்கேயே தமிழ்ப் பள்ளி இருக்கிறது, ஏப்ரலில் சேர்த்துவிடுகிறேன், உன் இஷ்டம் என்றேன். அவள், அது அப்புறம் சொல்றேன்பா, இப்போதைக்கு ஒரு மணி நேரம் கதவச் சாத்திக்கிறேன், யாரும் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அது அவளுக்கு எவ்வளவு நாளாகத் தோன்றியிருக்கிறதோ. இப்போது பத்து மணிக்கு அவள் உன் பழைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். முதல் நாள் பென்சில்களை எல்லாம் சீவி வைத்துவிட்டு வந்து ஒண்ணும் படிக்கலப்பா என்றாள், நான் நோட்டில் ஒன்றும் படிக்கவில்லை என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் தசமக் கணக்கு இரண்டு பக்கம் போட்டு வந்தாள், ஒவ்வொன்றாகப் பார்த்தேன், நாலு தப்பு. கௌதமன் அந்த நேரத்தில் அஷ்வத்தை வைத்துக்கொள்கிறான். என்னைப் போலவே கத்துகிறான், கேட்கவே சகிக்கவில்லை. கவி அக்காதான் அச்சா, அண்ணா அச்சா நஹி என்று சின்னவன் என்னிடம் புகார் கொடுத்தான், அண்ணா நல்லா இல்லையாம். அண்ணா பழகிக்கொள்வான், நீ கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

கவிக்கு நேரத்தில் பார்த்துவிட்டேன். உனக்கு நேரம் கடந்துவிட்டது, அதுதான் நெஞ்சை அறுக்கிறது. நேரில் நின்றால் என் வாயில் இது வராது, நீயும் என்னை அறிவாய். எழுதத்தான் வருகிறது. தப்பு என்னுடையது, உனக்கு மூளை இல்லாததால் வந்த தோல்வி இல்லை இது. என்னை மன்னித்துவிடு கண்ணு.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கையுறை எல்லாம் வைத்து நாளைக்குப் பார்சல் அனுப்புகிறோம். அதில் இந்தக் கடிதத்தோடு 2018 நோட்டும் இருக்கும். ஐம்பத்தெட்டு இடத்திலும் முடிந்தது என்பதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறேன். எங்கள் ஏர்ஃபோர்ஸ் வழக்கம் உனக்குத் தெரியும், தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, தப்பு என்ன என்று பின்னால் வருபவன் படிக்கும்படி ஒற்றைக் கோடு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தேதி போட வேண்டும். பக்கத்தில் பாக்கி என்று எழுதியிருக்கிறேன். ஜனவரிக்கு முன்னால் இந்தப் பாக்கியை நான் முடிக்க வேண்டும். உன் டியூட்டி அட்டவணையை அம்மாவுக்கு அனுப்பு, உனக்கு எந்த நாள் எந்த நேரம் ஒழிகிறதோ அந்த நேரத்துக்கு நான் வீடியோவில் உட்காருகிறேன், ஒரு மணி நேரம், நீயும் நானும் மட்டும், கதவு சாத்தியிருக்கும். உனக்கு என்னிடம் படிக்க இஷ்டமில்லை என்றால் அதையும் சொல்லலாம். வேறு நல்ல ஆளாகத் தேடிப் பிடித்துத் தருகிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் பாடத்துக்கு ஒன்றே ஒன்று யோசித்து வை. ஆகஸ்ட் பதினாறாம் தேதிக் குறிப்பை எடுத்துப் பார். நூற்றைம்பது மில்லிக்கு ஐந்து கரண்டி. செப்டம்பரில் அஷ்வத்துக்குக் காய்ச்சல் வந்து குறைவாகக் குடித்தபோது தொண்ணூறு மில்லிக்கு மூன்று கரண்டி என்று எழுதியிருக்கிறாய், ஒரு நாளும் தப்பவில்லை. பால்பொடி டப்பாவில் முப்பது மில்லிக்கு ஒரு கரண்டி என்றுதான் போட்டிருந்தது, மிச்சத்தை நீயே கணக்குப் போட்டிருக்கிறாய். ஒரு மருந்துக் குப்பியில் இரண்டு மில்லியில் எண்பது மில்லிகிராம் இருக்கிறது, நோயாளிக்கு அறுபது வேண்டும் என்று உன் பரீட்சையில் கேட்கிறார்களே, அதுவும் இந்தப் பால்தான். விடையை நான் எழுதவில்லை. இதைச் சொல்லி, பார்த்தாயா உனக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது என்று நான் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பதாக நினைக்காதே. பதின்மூன்று வயதில் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு நீயாகக் கற்றது அது, அதில் எனக்குப் பங்கு கிடையாது.

தலைக்குக் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. இரவு வேலை முடிந்து வந்தால் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்காதே, ஒரு ரசமாவது வைத்துச் சாப்பிடு. அம்மா கார்த்திகைக்கு மலை மந்திர் போய் முருகனிடம் உன் பெயருக்கு அர்ச்சனை செய்யப்போகிறாள், நானும் போகிறேன், அவளைப்போல் வேண்டிக்கொள்ளத் தெரியாவிட்டாலும் பக்கத்தில் நிற்பேன். அவன் உனக்குத் தெம்பும் தெளிவும் கொடுக்கட்டும், நீ தொடுகிற நோயாளிகள் எல்லாம் எழுந்து நடக்கட்டும். அட்டவணையை அனுப்ப மறக்காதே. நோட்டில் பார்த்தவர் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டிருக்கிறேன், புரிந்தது என்று அதன் தலைப்பு. அதில் நீ கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியபிறகுதான் இனி நான் போடுவேன்.

இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டேன். பார்த்தபிறகே கையெழுத்திடுகிறேன்.

உன் அப்பா
ராஜசேகரன்