சந்தில் பிடித்த கை

செவ்வாய், இரவு

பொதுக் கழிப்பறைக்குப் போகும் சந்தில் எவனோ இருட்டில் உரசுகிறான் என்று ஒரு வாரமாகப் பேச்சு. எங்கள் தமிழ்த் தெரு ஆளில்லை, இந்தி பேசும் வெளியாள்தான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். இன்று விடியற்காலை ஆறு பெண்கள் வாளியோடு சேர்ந்து போனோம். முன்னால் போன என்மேல் கை பட்டது. மணிக்கட்டைப் பிடித்து, "கோன் ஹை ரே?" யாருடா நீ என்று இந்தியிலேயே கத்தினேன்.

"விடுங்கக்கா, தெரியாம பட்டுட்டு."

எங்கள் தெருத் துரை. கோயில் கொடைக்குப் பந்தல் போடுகிறவன். என் பிடி தளர்ந்தது.

பின்னால் வந்த அவன் மனைவி செல்வி வாளியைக் கீழே வைத்தாள். "விடாதீங்கக்கா. ஸ்டேஷனுக்கு நானும் வாரேன்."

விடவில்லை. புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். வெளியாளாக இருந்திருந்தால் என் பிடி தளர்ந்திருக்காது. இனி எவனுக்கும் தளராது.