ஒரு ஷட்டருக்கு மூன்று சாவி

அன்பும் கோபமும் சரிபாதியாக, மல்லிகா அக்காவுக்கு,

நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இந்த ஏரிக்கரை ஜனங்களிடம் என்னை மாட்டிவிட்டுப் போயிருக்கிறீர்களே, இது நியாயமா? அங்கே சௌக்கியமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்ததும் ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

நான் என்ன கேட்டேன்? குவைத்தில் பாதி ஆயுசை ஓட்டிவிட்டு, மிச்சத்தை ஏரியைப் பார்த்தபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கழிக்கலாம் என்று ஊருக்கு வந்தேன். வந்த வாரமே வாசலில் வந்து நின்றீர்கள். “ஏன் தம்பி, சும்மாதானே உக்காந்திருக்கே? ஏரிச் சங்கத்துக்குச் செயலாளரா இரு” என்றீர்கள். முடியாது என்று உங்களிடம் சொல்ல யாருக்குத் துணிச்சல் இருந்தது? அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த காலத்தில், ஏரியைச் சுற்றி இருக்கிற பாதிப் பேருக்கு ஊசி போட்டவர் நீங்கள். சின்ன வயதில் என்னை நாய் கடித்தபோது தொப்புளைச் சுற்றிப் போட்டதும் நீங்கள்தான். கடைசிவரைக்கும் உங்கள் குரல் கேட்டால் என் வயிறு தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள். திட்டினாலும் பரவாயில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், சென்னைக்குக் கிளம்புகிற அவசரத்தில் உங்கள் மகன் ஏரி மதகின் ஷட்டர் சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நாம் சாவி என்று சொன்னாலும் அது கை நீளத்துக்கு வளைந்த இரும்புக் கைப்பிடிதானே. உங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்ததாம். “அம்மா இதை யார்கிட்டயும் கொடுக்காதேன்னு சொல்லியிருந்தாங்க. இப்ப யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியலை அங்கிள்” என்றார். எனக்கும் தெரியவில்லை. அதனால் சங்கக் கூட்டம் போட்டேன். அக்கா, கூட்டமே போட்டிருக்கக் கூடாது.

பள்ளிவாசல் தெரு பஷீர், சாவி எங்கள் தெருவில்தான் இருக்க வேண்டும், மதகு எங்கள் பக்கம் என்றான். புது நகர் செல்வம், மழை பெய்தால் முதலில் முழுகுவது எங்கள் வீடு, அதனால் எங்களிடம் கொடுங்கள் என்றான். மாரியம்மன் கோயில் தெரு ராஜேந்திரன் எழுந்து, “ஏரியே எங்க அம்மனோட தெப்பக்குளமா இருந்ததுதான்” என்று ஆரம்பித்துவிட்டார். டீ ஆறிப்போனது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான், “எதுக்குங்க சண்டை? தெருவுக்கு ஒண்ணு அடிச்சுக்கலாமே” என்றான். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் கத்தினேன் அக்கா. ஷட்டர் பலகை தண்ணீருக்குள்ளே இருக்கிறது. அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, கடைசியாக முறுக்கினவருக்குத்தான் தெரியும், அதனால்தான் மல்லிகா அக்கா சாவியை ஒரே கையில் வைத்திருந்தார் என்றேன். பஷீர் சிரித்தான். “ஜபருல்லா நானா, அதுக்குத்தான் வாட்ஸ்அப் இருக்குல்ல? திறந்தா திறந்தேன்னு போடுவோம், மூடினா மூடினேன்னு போடுவோம்.” மறுவாரமே லேத்தில் கொடுத்து இன்னும் இரண்டு சாவி அடித்துவிட்டார்கள். பழையது பள்ளிவாசல் தெருவுக்கு, புதியது மற்ற இரண்டு தெருவுக்கும். எனக்குச் செயலாளர் என்கிற பட்டம் மட்டும் மிச்சம்.

ஒன்று சொல்ல வேண்டும், ஜனங்கள் சோம்பிக் கிடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்தாமரை வாரப் போகிறோம் என்று செய்தி போட்டால், மூன்று தெருவும் இறங்குகிறது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு செல்வம் மார்பளவுத் தண்ணீரில் நிற்கிறான். கரையில் நின்று இழுக்கிறவர்களுக்குக் கோயில் தெருவிலிருந்து மோர் வருகிறது, எங்கள் பள்ளிவாசல் தெருவிலிருந்து சமோசா வருகிறது. புது நகரில் ஒரு வீட்டில் கழிவுக் குழாயை ஏரிக்குள் விட்டிருந்தார்களல்லவா, நீங்கள் இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தீர்களே, அதை அவர்களே அடைத்துவிட்டார்கள். இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் உற்சாகம் ஏறிப்போனால் இவர்களைப் பிடிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

உற்சாகத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏரிக்கரையில் பிளாஸ்டிக்கே கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். போட்ட கையோடு மதகு பக்கத்தில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார்கள். சின்னதில்லை அக்கா, கல்யாண மண்டப வாசலில் வைப்பார்களே, அந்த அளவு. இரும்புச் சட்டம் அடித்து, நடுவில் உங்கள் படம். நர்ஸ் உடையில் எடுத்த பழைய படம், ஊசியை எடுக்கப் போகிற மாதிரியே ஒரு முறைப்பு. கீழே ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று கொட்டை எழுத்தில் வேறு. இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழ?

எடுத்துவிடுங்கள், காற்றடித்தால் கிழிந்து ஏரியில்தான் விழும் என்று வாரா வாரம் சொன்னேன். ராஜேந்திரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாய், அவங்க மொகத்தைப் பாத்தாதான் பயலுங்க குப்பை போட மாட்டேங்கிறானுங்க. இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். அந்த ஃபிளெக்ஸுக்காகவே ராஜினாமா எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

அப்புறம் ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அமாவாசை அன்று காலையில் ஏரி தளும்பி, புது நகரில் செல்வத்தின் வீட்டுக் கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. விடியும்போதே அவன் போய் ஷட்டரைத் திறந்திருக்கிறான். அப்போது கடல் ஓதம் இறங்கி வற்றியிருந்த நேரம். ஏரித் தண்ணீர் வடிகால் வழியாக முகத்துவாரத்துக்கு நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கடல் ஏறத் தொடங்கியதும், உப்புத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, பஷீர் போய் மூடியிருக்கிறான். அதுவும் சரி. இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் போட்டார்கள். அத்தனை பேரும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

ராஜேந்திரன் பூஜை முடித்து, போனை எடுத்து, செல்வம் விடியற்காலையில் போட்ட ‘வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு’ என்பதை மட்டும் பார்த்திருக்கிறார். பாவம் பிள்ளைகுட்டிக்காரன் என்று மனசு இளகி, நேரே போய்த் திறந்துவிட்டார். போனில் எழுத அவருக்குக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி வீட்டில் இருந்தது.

மூன்று பேருமே நல்லவர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு கெட்டவன் இருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா வாசலில் கூடையை இறக்காமலே சொன்னது: “பாய், ஒங்க வாய்க்கால்ல தண்ணி தலைகீழா ஓடுது. கடலு உள்ளாற ஏறுது.” செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். அங்கே பஷீர் மூடுகிற பக்கம் முறுக்குகிறான். செல்வம் அதே கைப்பிடியைப் பிடித்துத் திறக்கிற பக்கம் இழுக்கிறான். “ஏண்ணே மூடுறீங்க, எம்புள்ளைங்க கட்டில் மேல உக்காந்திருக்கு!” என்று அவன் அழுகிறான். “டேய், உப்பு ஏறுதுடா, வெளங்குதா!” என்று இவன் கத்துகிறான். நான் கிட்டே போவதற்குள் உள்ளே ஏதோ நறநறவென்று கேட்டது. கைப்பிடி கிறுகிறுவென்று சும்மா சுற்றியது. மரை போய்விட்டது அக்கா. பலகை பாதியில் நின்றுவிட்டது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

அந்த இடைவெளியில் உப்புத் தண்ணீர் ஏரிக்குள் வருவதைக் கண்ணால் பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு நம் வீட்டுப் பம்பெல்லாம் உப்பாகிப்போய், வருஷக் கணக்கில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றோம் என்று நீங்களும் என் மனைவி மைமூனும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். ஏரி நல்ல தண்ணீராக இருந்தால்தான் பம்பில் நல்ல தண்ணீர் வரும் என்று கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து நீங்கள் வாங்கின ஷட்டர் அது. நீங்கள் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு யோசனை. பஞ்சாயத்துக்குப் போன் போடு என்கிறான் ஒருவன். நீதான் உடைச்சே, நீதான் உடைச்சே என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் வீடியோ எடுக்கிறான். அப்போது என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியாது. “எல்லாரும் சட்டையைத் தூக்கிட்டு வரிசையில நில்லுங்கடா! ஊசி போட்டுருவேன்!” என்று கத்திவிட்டேன்.

உங்கள் வார்த்தை அக்கா. அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வழுக்கை விழுந்த ராஜேந்திரன்கூட நின்றார்.

நின்ற இடத்தில்தான் அந்த ஃபிளெக்ஸ் என் கண்ணில் பட்டது. “அதைப் பிடுங்குங்க” என்றேன். சட்டத்தோடு பிடுங்கி, ஷட்டருக்குக் கடல் பக்கமாக இறக்கினோம். உள்ளே வருகிற தண்ணீரே அதை இழுத்து, பலகைக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் அப்பிவிட்டது. அதன் மேல் மூட்டை. சிமெண்டுச் சாக்கு, ரேஷன் அரிசிச் சாக்கு, எது கிடைத்ததோ அதில் மண்ணைப் போட்டுக் கை மாற்றிக் கை மாற்றி அடுக்கினார்கள். செல்வம்தான் தண்ணீருக்குள் நின்றான். தன் வீட்டில் முழங்கால் தண்ணீரை வைத்துக்கொண்டு, கடலை அடைக்க நின்றான். பஷீர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். பள்ளிவாசலைத் திறந்து, செல்வத்தின் பெண்டாட்டி பிள்ளைகளையும் புது நகர் ஜனங்களையும் மைமூன் கூட்டிப் போய் உட்கார வைத்தாள்.

கடைசி மூட்டை வைக்கிறவரைக்கும் தண்ணீருக்கு அடியில் உங்கள் முகம் மங்கலாகத் தெரிந்தது. கடலை முறைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் அழுதுவிட்டேன். மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடல் வற்றியதும் மூட்டைகளை எடுத்துத் தண்ணீரை வடித்தோம். அடுத்த ஏற்றத்துக்கு மறுபடி அடுக்கினோம். பஞ்சாயத்து ஆட்கள் வந்து பலகையை ஏற்றி இறக்குகிற புதுத் தண்டு மாட்டுகிறவரைக்கும் இதே வேலைதான். மதகு ஓரத்தில் கெண்டை கொஞ்சம் செத்து மிதந்தது. ஏரி முழுக்கப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

புதுத் தண்டுக்குப் பழைய சாவி மூன்றும் பொருந்தாது. ஒரே ஒரு சாவிதான் வந்தது. கூட்டத்தில் இந்தத் தடவை யாரும் சாவியைக் கேட்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு முட்டி வலி, கண்ணில் புரை, ஈரத்தில் நின்றால் இருமல் என்று எல்லாம் சொன்னேன். செல்வம் எழுந்து வந்து சாவியை என் மடியில் வைத்தான். “நீங்க மூடுனீங்கன்னா மூடினதுதான் பாய். ஆனா மூடுறதுக்கு முன்னாடி எங்க வீட்டுப் பக்கம் ஒரு சத்தம் குடுங்க. புள்ளைங்களைத் தூக்கிக்கிறேன்” என்றான். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன்.

இப்போது அது என் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. ராத்திரி காலை இறக்கினால் இடிக்கிறது. மைமூன் சிரிக்கிறாள். உங்களுக்கு இடிக்கவே இல்லையா?

தினமும் விடியற்காலை பஜ்ர் தொழுதுவிட்டு, பூட்டிக் கிடக்கிற உங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் போய்ப் பம்பை அடித்து ஒரு வாய் குடித்துப் பார்க்கிறேன். மதகுக்கு அதுதானே கிட்டே. முதல் வாரம் நாக்கில் உப்பு பட்டது. துப்பவும் மனசில்லை, விழுங்கவும் முடியவில்லை. இன்றைக்குக் கரிக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. இன்னும் இரண்டு மழை பெய்தால் சரியாகுமா? உங்களைக் கேட்டால் உடனே சொல்லியிருப்பீர்கள். தொழுது முடித்துக் கையேந்தும்போது துஆவில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். பள்ளிவாசலில் யாரிடமும் சொல்லவில்லை.

ஃபிளெக்ஸ் கிழிந்துவிட்டது. உடனே இன்னும் பெரிதாக அடிக்கப் போகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். இந்த ஜனங்களை என்னதான் செய்வது அக்கா? அடித்தால் அதையும் ஒருநாள் கடலுக்குள் இறக்கிவிடுவேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு வாக்கு தருகிறேன். கடல் ஏறுகிற அன்றைக்கு நான் படுக்க மாட்டேன். ஷட்டரை மூடுவதற்கு முன்னால் செல்வத்தின் வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் மாதிரியே தொண்டை கிழியக் கத்துவேன். இத்தனை நாளும் இவர்களிடம் மரியாதையாகப் பேசிப் பார்த்துவிட்டேன். உங்கள் பம்பில் தண்ணீர் முன் மாதிரி இனிக்கிறவரைக்கும், இனித்த பிறகும், திட்டிக்கொண்டேதான் இருப்பேன்.

நாய் கடித்த அன்றிலிருந்து உங்களுக்குப் பயந்து வளர்ந்த தம்பி,
ஜபருல்லா