டப்பாவில் கிடந்த காது

சித்தி,

போன வாரம் விழுப்புரத்தில் புருவம் திருத்திக்கொள்ளப் போயிருந்தேன். நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு எதிரே புதிதாக வந்திருக்கும் பார்லர். பெஞ்சில் நாலைந்து பெண்கள். யாரோ ஒருத்தியின் மாமியார் கதை சூடாக ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கறுப்புச் சட்டம் போட்ட பெரிய மூக்குக்கண்ணாடி. சட்டத்தின் ஓரத்தில் மிளகளவு ஒரு கண்.

பேச்சு நின்றது.

"இன்னாமா அது, கேமராவா?"

"ஆமாக்கா. இப்ப எதுவும் எடுக்கல."

"எடுக்கலன்னு எங்களுக்கு எப்பிடி தெரியும்?"

"எடுத்தா லைட்டு எரியும்க்கா."

"லைட்டு மேல பொட்டு ஒட்டிட்டா?"

அந்தப் பெண் சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "பைக்குள்ளயும் அது முழிச்சிக்கினுதான இருக்கும்" என்றாள் மூலையில் இருந்தவள். மாமியார் கதை அதற்குப் பிறகு தொடரவில்லை.

அந்த அமைதியை நான் முன்பே அறிவேன். திண்டிவனத்தில், உன் கடையில் அதைக் கேட்டிருக்கிறேன்.

மேம்பாலம் இறங்குகிற இடம். கீழே மருந்துக்கடை, மேலே உன் பார்லர். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே ஏதோ ஒரு காய்ச்சலில் உன் காது போயிருந்தது. முழுவதும் இல்லை. பக்கத்தில் வந்து உரக்கச் சொன்னால் கேட்கும். அப்படிச் சொல்ல வேண்டியவை குறைவு. ஐப்ரோவா, ஃபேஷியலா, எவ்வளவு வெட்ட வேண்டும். மற்றதெல்லாம் அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். உனக்கு முன்னாலேயே உன்னைச் 'செவிட்டக்கா' என்பார்கள். யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனது, யாருக்கு எந்த மாத்திரை, எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன் பார்த்துத் தட்டிப்போனது, எல்லாம் பேச்சில் வரும்.

நீ குனிந்து வேலை செய்வாய். நூலின் ஒரு முனை உன் பல்லிடுக்கில் இருக்கும். காதும் இல்லை, வாயும் இல்லை. பேசுவதற்கு அதைவிட நல்ல இடம் ஊரில் கிடையாது.

பிறகு எல்லோரும் முகக்கவசம் போட்ட காலம் வந்தது. கடைகளைத் திரும்பத் திறக்கச் சொன்னபோது உனக்கு எதுவுமே புரியவில்லை. பக்கத்தில் வந்து கத்தினாலும் விழித்தாய். வந்தவள் சொன்னது ஒன்று, நீ செய்தது ஒன்று. ஒருத்தி பணம் கொடுக்காமல் போய்விட்டாள். "இருந்த கொஞ்ச காதும் போயிடுச்சிடி" என்று அம்மா அழுதாள். எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. முதல் வேலையாக உனக்குக் காது மிஷின் வாங்கினேன். புது மாடல். காதுக்குப் பின்னால் சிறிதாக உட்காரும். ப்ளூடூத் உண்டு. போனில் ஓர் ஆப். இரவில் வெள்ளை டப்பாவில் வைத்து மூடினால் பச்சை விளக்கு துடிக்கும், சார்ஜ் ஏறும்.

நீ மகிழ்வாய் என்று நினைத்தேன். ஆப்பை ஏற்றும்போது அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. மைக். தொடர்புகள். இருப்பிடம். உன் போன் திரையை நான் வேகமாகத் தட்டிக்கொண்டே போனேன். நீ என் விரலைப் பிடித்து நிறுத்தினாய்.

"எனக்குக் காது கேக்கறதுக்கு நான் எங்க இருக்கேன்னு அதுக்கு எதுக்குடி தெரியணும்?"

"எல்லா ஆப்பும் கேக்கும் சித்தி. சும்மா குடு."

"சும்மா இன்னாத்துக்கு குடுக்கணும்?"

சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் தட்டினேன். இன்றுவரை அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாட்டிய முதல் நாள் உனக்குக் கேட்டவை: மின்விசிறி. பிளாஸ்டிக் கவர். கீழே மருந்துக்கடைக்காரர் தும்மியது. கத்தரிக்கோல். "முடி வெட்ற சத்தம் இவ்ளோ அசிங்கமாவா இருக்கும்?" என்று முகத்தைச் சுளித்தாய். பெண்களின் கதைகள் மட்டும் கேட்கவில்லை. அவர்கள் மிஷினைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள்.

"அக்கா, பாட்டு கேக்கறீங்களா?"

"இல்லமா. காது மிஷினு."

"ப்ளூடூத்துன்றாங்களே. அப்பன்னா ரெகார்டு ஆவும் இல்ல?"

"எங்க வூட்ல டிவியே ஒட்டுக்கேக்குது. புடவைன்னு வாயத் தொறந்தா போதும், போன்ல புடவையா வந்து கொட்டுது."

இதைச் சொன்னவள் கையில் போன் இருந்தது. எல்லோர் கையிலும் இருந்தது. அவற்றை யாரும் பையில் போடவில்லை. உன் காதைத்தான் பார்த்தார்கள்.

மாதக்கணக்கில் அப்படியே போயிற்று. வந்தார்கள், கண்ணை மூடினார்கள், பணத்தை வைத்தார்கள், போனார்கள். சில பேர் வரவேயில்லை. "முன்ன எனக்குக் கேக்காது. இப்ப கேக்குது, ஆனா கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்று அம்மாவிடம் சொன்னாயாம். பிறகு நீயே ஒரு வழி கண்டாய். படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் மிஷினைக் கழற்றி, வருகிறவள் பார்க்கும்படி டப்பாவில் வைத்து மூடுவாய். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது. டப்பாவின் பச்சை விளக்கைப் பார்த்தால் மட்டும் குரல் தணியும். அதன் மேல் ஒரு துண்டைப் போட்டாய்.

அதற்குள் முகக்கவசமும் போயிருந்தது. யார் சொல்வதும் உனக்குப் பழையபடி புரிந்தது. மிஷினின் பெருமை என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும்.

அப்போதுதான் அந்த அம்மாளின் மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். இந்த மடலில்கூட அவர் பெயரை எழுதவில்லை. உன் தெருவிலேயே இருந்தவர். மாப்பிள்ளை வளவனூர்க்காரர். நிச்சயத்துக்கு முன்பு மகளை ஃபேஷியலுக்குக் கூட்டிவந்து, அது முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். பெண்ணுக்கு முன்பே ஒரு நிச்சயம் ஆகி நின்றுபோயிற்றாமே, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார்கள்.

அந்த அம்மாள் இரண்டு பெண்களோடு படியேறி வந்தபோது நான் கடையில் இருந்தேன்.

"எம் புள்ள வாழ்க்கைல மண்ணள்ளிப் போட்டுட்டியே. இங்க உக்காந்துதான் அதப் பத்திப் பேசினேன். வேற எங்கியும் நான் வாயத் தொறக்கல."

நீ கையைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாய்.

"அந்த மிஷின்லதான் ஏறிப்போச்சு. ஊரு கதைய புடிச்சி விக்கிறியா?"

நான் குறுக்கே வந்தேன். "அதுல ரெகார்டு ஆகாதுங்க. அதுக்கு மெமரியே கெடையாது."

"நீதான வாங்கிக் குடுத்த? நீ வேற எப்பிடி சொல்லுவ? படிச்ச புள்ள."

பின்னால் நின்றவள் சொன்னாள். "இதப் போட்டுக்கினா இனிமே எவளும் படியேற மாட்டா. பாத்துக்க."

உனக்கு அந்தக் கடையைத் தவிர வேறொன்றும் இல்லை. சித்தப்பா போன பிறகு உன் சோறும் துணையும் அதுதான். நீ டப்பாவைத் திறந்தாய். மிஷினை எடுத்து அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தாய்.

"நீயே வச்சிக்கோ. ஒடச்சிப் போடறதுன்னா போடு. இனிமே கடையில மாட்ட மாட்டேன்."

அவர் அதைக் கரப்பான்பூச்சியைப் போல மேசையில் உதறினார். மூவரும் இறங்கிப் போனார்கள்.

எனக்கு உன் மேல்தான் கோபம். செய்யாத தப்பை ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கத்தினேன். நீ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய். மிஷின் மேசையிலேயே கிடந்தது.

"அன்னிக்கு இது டப்பாலதான்டி இருந்துச்சு. டப்பால போட்டா அது ஆஃப் ஆயிடும்."

"அத சொல்ல வேண்டியதுதான?"

"அவளேதான் சொல்லிக்கினா. பெஞ்சுல உக்காந்து போன வாய்கிட்ட வச்சிக்கினு தங்கச்சிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டா. 'முன்னாடி நின்னு போனத மாப்ள வூட்ல சொல்லல, நீயும் ஒளறி வைக்காத'ன்னு. தங்கச்சி இருக்கறதும் வளவனூரு. அவ வூட்டுக்காரரு எதையும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் கேப்பாரு."

"உனக்கு எப்பிடித் தெரியும்? மிஷின்தான் டப்பால இருந்துச்சே."

நீ சுவரை மறைத்திருந்த பெரிய கண்ணாடியைக் காட்டினாய். நாற்காலியில் இருந்து பார்த்தால் அதில் பெஞ்சு முழுவதும் தெரிந்தது. ஒவ்வொரு முகமும். ஒவ்வொரு வாயும்.

"எத்தினி வருஷமா சித்தி?"

"காது போனதுலருந்து."

முகக்கவசக் காலத்தில் உன் காது மோசமாகவில்லை. உதடுகள் மறைந்துபோயின. அவ்வளவுதான். தெருவில் போகும்போதும், பஸ்ஸிலும், கல்யாண மண்டபத்திலும் நீ வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

"நான் அவ மெசேஜ் போட்டத சொல்றேன்னு வையி. எப்பிடித் தெரியும்னு அடுத்து கேப்பா. மிஷின்னா கழட்டி வச்சிரலாம். கண்ண எங்க கழட்டி வைக்கிறது?"

பழி மிஷினோடு போகட்டும் என்று விட்டுவிட்டாய். மறுவாரமே பெண்கள் வந்தார்கள். பேச்சும் வந்தது. அந்த நிச்சயம் தள்ளிப்போயிற்று, நின்றுபோகவில்லை. பெண் தானே மாப்பிள்ளைக்குப் போன் செய்து பேசினாளாம். கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ததும் நீதான். காதில் ஒன்றும் இல்லாமல்.

நீ கண்ணாடியைக் காட்டிய அன்று, விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரிசையில் நின்றபோது எனக்கு வேறொன்று உறைத்தது. படிக்கும் காலத்தில் நானும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கணக்கில் போன் பேசியிருக்கிறேன். மெல்லிய குரலில். உனக்குத்தான் கேட்காதே என்று. யாரிடம் பேசினேன், எதற்காக ஒருநாள் திடீரென்று நிறுத்தினேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கண் வீங்கி வந்த ஒரு மாலையில் நீ எதுவும் கேட்காமல் என்னை நாற்காலியில் சாய்த்தாய். பன்னீரில் நனைத்த பஞ்சைக் கண்களின் மேல் வைத்தாய். வெயில் என்று நான் சொன்னேன். வெயில்தான் என்று நீயும் சொன்னாய்.

அந்தப் பஞ்சின் குளிர்ச்சியை நினைத்தால் அன்பாகவும் இருக்கிறது. உளவு பார்க்கப்பட்டதாகவும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

உன்னிடம் கேட்டதும் இல்லை. கேட்க நாள் இருக்கிறது என்று நினைத்தேன். சிறுநீரகம் நாள் தரவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் முகக்கவசத்தோடு வந்து உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவங்களுக்குக் காது கேட்காதுதானே என்றார். நீ அவரைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

உன் காரியத்துக்கு அந்த அம்மாள் வந்திருந்தார். உண்மையாகவே அழுதார். பெஞ்சில் உட்கார்ந்த பெண்கள் எல்லோரும் வந்து ஷாமியானாவின் கீழ் வரிசையாக இருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன்பு அவர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தக் காது மிஷின் எங்க?"

"வூட்லதான் இருக்குங்க."

"அதுல இருக்கறத எல்லாம் அழிச்சிட்டியா? அக்காவ குத்தம் சொல்லல. நல்ல மனுஷிதான். கண்டவங்க கையில கெடச்சா எங்க மானம் போயிடும் இல்ல, அதுக்குச் சொல்றேன்."

வரிசையில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின.

என்னிடம் உண்மை தயாராக இருந்தது. அதில் எதுவும் இல்லை, அன்று அது டப்பாவில் கிடந்தது, சொன்னது நீங்கள்தான். அதைச் சொன்னால் உன் பெயர் மீளும். பிறகு எப்படித் தெரியும் என்பார். கண்ணாடி என்பேன். அந்த வரிசையில் ஒவ்வொருத்தியும் இத்தனை வருடமாகத் தான் பேசியதை எல்லாம் மனதுக்குள் திரும்ப ஓட்டிப்பார்ப்பாள். அழுத முகங்கள் மாறும். ஒருத்தி எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். உன் படத்துக்கு முன்னால் நாங்கள் மட்டும் இருப்போம்.

"அழிச்சிட்டேங்க" என்றேன்.

"எல்லாத்தியுமா?"

"எல்லாத்தியும்."

அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பந்தலில் பேச்சு மெல்லத் தொடங்கியது. உன்னைப் பற்றித்தான். உன் கை பட்டால் வலிக்கவே வலிக்காது என்று யாரோ சொன்னார்கள்.

இப்போதும் திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அவர்களில் யாராவது எதிரே வருகிறார்கள். நின்று விசாரிக்கிறார்கள். நான் பதில் சொல்லும்போது என் உதட்டையே பார்ப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கை தானாக மேலே போய் வாயை மறைத்துக்கொள்கிறது.

பல்வலியா என்று கேட்கிறார்கள்.

ஆமாம் என்கிறேன்.