வெள்ளச்சி பட்ட பாடு

6-6-77, திங்கள்

காலையில் தீவனம் வைத்த கையோடு வெள்ளச்சிக்கு அடி. போடி லாரி ஆபீசில் வேலை பார்த்து, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வரும் என் கணவர் நேற்று ஆசையாய்க் கொண்டுவந்த லெகான் ஜாதிச் சீமைக்கோழி. பால் வெள்ளை. ஒரு நாள்கூட ஆகவில்லை. கொல்லையில் ஏற்கெனவே வீட்டுச் சொந்தக்கார அன்னத்தாயக்காவின் நாட்டுக்கோழிகள் ஐந்து. கருப்பி தலைவி. அவள் ஒரு கொத்துக் கொத்தினால் மற்றவை வரிசையில் வந்து ஆளுக்கொன்று கொத்துகின்றன. நான் வேலை பார்க்கும் தபாலாபீசில்கூட இவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

8-6-77

வெள்ளச்சி துவைகல்லுக்குப் பின்னாலேயே நிற்கிறாள். இரை எடுக்கவில்லை. அக்கா திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்ததும் பக்குவமாகச் சொன்னேன்.

"எங்க கருப்பியா? அது பச்சப்புள்ள மாதிரில்ல தாயி! ஒங்க கோழிக்குத்தான் பழகத் தெரியல."

பச்சைப்பிள்ளை! அந்த நேரம் அது என் கால் கட்டைவிரலைக் கொத்திக்கொண்டிருந்தது.

10-6-77

மத்தியானம் சாப்பிட வந்தால் — ஐயோ. முதுகில் இறகே இல்லை. சதை தெரியுது. ரத்தத்தப் பாக்கப் பாக்க அதுகளுக்கு வெறி ஏறுது, விடாமக் கொத்துதுக. அடுக்களைக்குத் தூக்கி வந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டேன்.

போய் அக்காவிடம் சத்தம் போட்டுவிட்டேன். "நீங்க வளக்குறது கோழியா, ரவுடியா?"

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பிடிக்கலன்னா வேற வீடு பாத்துக்கங்க தாயி"ன்னு சொல்லிட்டாக.

ஒரு கோழிக்காக வீடு மாறுவதா? இந்தக் காமயகவுண்டன்பட்டியில் அக்காவை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது யார்?

11-6-77

அக்கா பேசவில்லை. நானும் பேசவில்லை. கொல்லையில் கோழிகள் மட்டும் பேசிக்கொள்கின்றன.

12-6-77, ஞாயிறு

கணவர் வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "பேசாமக் குழம்பு வச்சிரலாமா?" என்றார். நான் பார்த்த பார்வையில் வெள்ளச்சியிடமே மன்னிப்புக் கேட்டார்.

13-6-77

வெள்ளச்சியைக் கொஞ்சம் வெயில் படட்டும் என்று வெளியே விட்டேன். கருப்பி பாய்ந்தாள். கீழே தள்ளி, மேலே ஏறி நின்று, தலையில் கொத்தினாள். நான் ஓடுவதற்குள் அக்கா ஓடினார்.

"அடி சண்டாளி! கொன்னே போட்டுருவ போல!"

கருப்பியைப் பிடித்து, கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடையைப் போட்டுக் கவிழ்த்தார். "கெட உள்ளயே!" அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "கண்ணால பாக்குற வரைக்கும் நான் நம்பல தாயி. வீட்டப் பத்திச் சொன்னத மனசுல வச்சுக்காதீக" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோழிக்காகவா, அக்காவுக்காகவா?

15-6-77

தலைவி இல்லாததால் மற்றவை சாதுவாகிவிட்டன. வெள்ளச்சியும் சேர்ந்து தின்கிறாள். அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. பஞ்சாரத்துக்குள் கம்பஞ்சோறு, தண்ணீர், நறுக்கின கீரை.

"ஜெயிலா, மாமியார் வீடாக்கா?" என்றேன்.

"ஒங்க வாயி இருக்கே!" சிரித்துவிட்டார்.

17-6-77

கருப்பிக்கு விடுதலை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாள். அடைபடும் வரை அவளுக்கு வழிவிட்ட செவலைக் கோழி நேராக வந்து ஒரு கொத்து. கருப்பி நின்று யோசித்தாள். வெள்ளச்சி பக்கமே போகவில்லை.

"எம்புள்ளைய அடிக்குதுகளே!" அக்காவுக்குக் கண் கலங்கியது. நான் வாயே திறக்கவில்லை. அது என்னவொரு தவம்!

4-7-77

வெள்ளச்சிக்கு இறகு முளைத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சேவல் வேறு அவளைத் தேடி வந்து போகிறது. முட்டையிடுகிறாள், ஆனால் லெகான் ஜாதிக்கு அடைகாக்கத் தெரியாதாம். கருப்பி இரண்டு நாளாக அடைக்கு உட்கார்ந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்.

"ஒங்க முட்டைகள எடுத்துட்டு வாங்க" என்றார் அக்கா.

"கருப்பிக்கிட்டயா?"

"குணம் கெட்டவதான். ஆனா அடைக்கு அவளப் போல ஒருத்தி கெடையாது."

வைத்துவிட்டோம். பயமாகத்தான் இருக்கிறது.

26-7-77

பொரித்துவிட்டன! குஞ்சுகளுக்கு வெள்ளையில் அங்கங்கே கரும்புள்ளி. கருப்பி கூட்டிக்கொண்டு கொல்லையைச் சுற்றிக் காட்டுகிறாள். வெள்ளச்சி தயங்கித் தயங்கிக் கிட்டே போனாள். கருப்பி உடனே இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்தேன். அக்கா எனக்கு முன்னால் போய் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

"கொஞ்சம் ஒதுங்குடி கருப்பி. பெத்தவ ஒரு பார்வை பாத்துட்டுப் போகட்டும்."