உன் வீட்டிலிருந்து இறங்கி வந்த கோப்பு

என் அன்பு மாப்ள ஜாபருக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. என்னத்தை எழுதுவது, நலம், நலமறிய ஆவல் என்றா? இப்போது எழுத ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. போன வாரம் நம் வேலை நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் நீ.

சேந்தமங்கலம் பழனியம்மாள் அக்காவை நீ மறந்திருக்க மாட்டாய். கோழி ஷெட்டின் காற்றாடிகளை ஓட்ட நாம் செய்த பொட்டியை முதலில் நம்பி மாட்டியவர் அவர்தான். நாலு பக்கமும் மூடிய ஷெட். இந்த வெயிலில் காற்றாடி நின்றால் உள்ளே கோழிகள் கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. அவர்தான் போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, கரண்டு போயி ஜெனரேட்டரு ஓடுதுங்க, லைட்டெல்லாம் எரியுதுங்க. உங்க பொட்டி மட்டும் முழிச்சுக்கிட்டுச் சும்மா நிக்குதுங்க. நான் ஓடிப் போயி கையில சுச்சு போட்டு ஃபேன ஓட்டுனனுங்க."

பார்த்தால், மின்சாரம் போய் வந்ததும் பொட்டி இன்டர்நெட்டில் மணி என்ன என்று கேட்டுக்கொண்டு காத்திருக்கிறது. அந்தப் பக்கம் டவரும் படுத்துவிட்டால் யார் மணி சொல்வார்கள்? அதுவரை காற்றாடியும் ஓடாது. "வெள்ளிக்கெழம ஜேடர்பாளையத்துல எம்மகளுக்கு வளைகாப்புங்க சாமி. சுச்சுக்குப் பக்கத்துல இருந்து எந்திரிக்காம நான் எப்புடிப் போவேன்?" என்றார் அக்கா. வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

திருத்தம் ஒரே வரிதான். ஆனால் நம் பிழைப்பு உனக்குத் தெரியாததா? பொட்டியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கட்ட வேண்டும். அதற்கான மூல நிரல்கள் உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் கம்ப்யூட்டர்களிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வர வேண்டும். இறக்கி வைத்த பழசை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் நான் புதுசு கட்டுவேன். "பாத்திரத்தக் கழுவச் சொன்னா அரிசியையும் சேத்துக் கழுவி ஊத்துற ஆளுடா நீ" என்று திட்டுவாயே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

எல்லாம் இறங்கியது. ஒன்று மட்டும் வரவில்லை. காற்றாடிகளை ஓட்டும் மின்பலகைக்கான நிரல். திரையில் சிவப்பு வரி, 'பதிவிறக்கம் தோல்வி'.

முதலில் நெட்டைத் திட்டினேன். கீழே லாரிப் பட்டறையில் வெல்டிங் வைக்கிறார்கள், அதனால்தான் என்று அவர்களோடும் ஒரு சண்டை. போன் நெட்டில் போட்டேன், அப்போதும் அதே சிவப்பு. நிரலை எழுதிய வெளிநாட்டுக்காரரின் தளத்தைத் தேடிப் போனேன். அவர் என்றைக்கோ கடையைக் கட்டியிருக்கிறார். இந்த முகவரி விற்பனைக்கு என்று ஒரு விளம்பரம்தான் இருந்தது. நான் கொடுத்த அவசரக் கட்டளை அந்த விளம்பரத்தையே நிரலின் பெயரில் இறக்கி வைத்தது. நல்லவேளை, கோப்பு அசல்தானா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டரே துப்பிவிட்டது. அந்தச் சோதனையையே நிறுத்தினால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. நீ முறைப்பது போலிருந்தது, கையை எடுத்துவிட்டேன்.

கடைசியில்தான் புத்தி வந்து, சிவப்பு வரியை விட்டுவிட்டு அதற்கு மேலே இருந்ததையெல்லாம் நிதானமாகப் படித்தேன். கோப்பை எங்கே போய்க் கேட்டது என்று அதில் இருந்தது. உன் சேலம் வீட்டு முகவரி, மாப்ள. உன் மேசைக் கம்ப்யூட்டர்.

அந்தத் தளம் மூடப்போவது தெரிந்து நீ ஒரு பிரதியை வீட்டில் வைத்து, முகவரியை மாற்றி எழுதியிருக்கிறாய். என் அழிக்கும் பழக்கத்துக்குப் பயந்துதானே ஆபீஸில் வைக்கவில்லை? நீ இல்லாத இந்த வருடம் முழுக்க, நான் பொட்டி கட்டிய ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பை நீதான் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாய். அது தெரியாமல் நான், தனியாகச் சமாளிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அழுகை வந்துவிட்டது.

சேலத்துக்குப் போனேன். உன் வீட்டுக்காரி ஷமீமா டீ போட்டுக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது.

"கரண்டு வந்தா இத மட்டும் ஆன் பண்ணிடுன்னு அவங்க எப்பவும் சொல்வாங்கண்ணா. எதுக்குன்னு நானும் கேக்கல. ஒவ்வொரு தடவையும் போட்டு விட்டுட்டேதான் இருந்தேன். அது இரையற சத்தத்துல, அவங்க உக்காந்து வேல பாக்குற மாதிரியே இருக்கும். தூங்கவே முடியல. ஸ்கூல் வேலைக்கு வேற போறேன். அதான் போன வாரம் அணைச்சேன். தப்பாண்ணா?"

தப்பா? இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளே பொத்தானை அழுத்தினாள். இரைச்சல் கிளம்பியது. கோப்பை எடுத்துக்கொண்டேன், எண் அப்படியே பொருந்தியது. "இனி இத என்னண்ணா செய்யறது?" என்றாள். ஷெட்டில் ஓடட்டும், சொல்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை சேந்தமங்கலத்தில் புதுசை ஏற்றி, நெட்டைப் பிடுங்கிவிட்டு மெயினை அணைத்தேன். ஜெனரேட்டர் உறுமியது. அக்கா கையை சுவிட்சின் மேலேயே வைத்திருந்தார். பொட்டி யாரையும் மணி கேட்கவில்லை. காற்றாடிகள் தானாகச் சுற்றின. "போதுமுங்க சாமி, நான் வளையல் வாங்கப் போறேன்" என்று அக்கா கையை எடுத்தார்.

அங்கிருந்தே ஷமீமாவுக்குப் போன் செய்தேன். "ஓடிடுச்சு தங்கச்சி. இனி அத நிறுத்திக்கம்மா. நிம்மதியாத் தூங்கு." போனில் உன் கம்ப்யூட்டரின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. "சரிங்கண்ணா" என்றாள்.

கோப்பு இப்போது ஆபீஸில் பத்திரமாக இருக்கிறது, என் கைக்கு எட்டாத இடத்தில். உன் முகவரியை மட்டும் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறை கட்டும்போதும் முதலில் உன் வீட்டில்தான் போய்க் கேட்கும். பதில் வராது. மஞ்சளில் ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு ஆபீஸ் பிரதிக்கு வரும். அதைச் சரிசெய்யச் சொல்லி யார் கேட்டாலும் செய்ய மாட்டேன், சத்தியம். நான் இருக்கும்வரை உன்னை ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் நம் பொட்டி கட்டப்படும்.

அரிசியைக் கழுவி ஊற்றாமல் பார்த்துக்கொள்ளும்
உன் மச்சான்