இனி ஊட்ட மாட்டேன்

என் பாத்திரக்கடைக்காரருக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பீர்கள், அதனால் கேட்கவில்லை. நான் நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களைப் படுக்க வைத்த அதே பக்கவாதம் எனக்கும் வந்துவிட்டது, அதே வலது பக்கம். ஏழு மாதம் ஆகிறது. இடது கை ஆட்காட்டி விரலால் செல்போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

கால் பரவாயில்லை, சுவரைப் பிடிக்காமல் வாசல் வரை போய்விடுகிறேன். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு எதுவும் ஆகாது என்று உங்களுக்கே தெரியும். கைதான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மூடு என்றால் மூடிக்கொள்கிறது, திற என்றால் திறப்பதில்லை. தம்ளரைப் பிடித்துவிட்டால், அதை விடுவிக்க இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. முப்பது வருடம் உங்களோடு கடையில் நின்று தம்ளர் எடுத்துக் கொடுத்தவளுக்கு, ஒரு தம்ளரைக் கீழே வைக்கத் தெரியவில்லை. அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

வருகிறவர்கள் சும்மா இருக்கிறார்களா? ஒருத்தி கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கையில் பூசிவிட்டுப் போகிறாள். ராயகிரியிலிருந்து வந்த உங்கள் தம்பி, புறா ரத்தம் தேய்த்தால் மூன்றே நாளில் விரல் நீண்டுவிடும் என்கிறார்.

"கொழுந்தனாரே, மொதல்ல ஒங்க முட்டு வலிக்குத் தேச்சுப் பாருங்க. பொறவு எனக்குச் சொல்லுங்க" என்றேன். காப்பியைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

பிசியோதெரபி செய்ய ஸ்டெல்லா என்று ஒரு பெண் வாரத்துக்கு மூன்று நாள் வீட்டுக்கு வருகிறாள். மொச்சைப் பயற்றை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போடச் சொல்வாள். துணிக் கிளிப்பைத் தட்டின் விளிம்பில் மாட்டச் சொல்வாள். காலையில் இரண்டு மணி நேரம் இடது கையைத் துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். நல்ல கை சும்மா இருந்தால்தான் மற்றது வேலைக்கு வருமாம். போன வாரம் பதினோரு மொச்சை எடுத்தேன். இந்த வாரம் நான்கு. கிண்ணத்தைத் தூக்கி எறிய வேண்டும்போல் இருந்தது, எறியவும் கை வேண்டுமே.

சாப்பாடுதான் பெரிய பாடு. இடது கையால் சோறு சாப்பிட நம் வீட்டில் யாருக்கு மனம் வரும்? உங்களுக்கும் வரவில்லை. ஸ்பூன் கொடுத்ததற்கு, "நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். டஜன் டஜனாக ஸ்பூன் விற்ற மனிதர்! அதனால் நான் ஊட்டினேன். மூன்று வேளையும், இரண்டு வருடம், கடைசி நாள் வரை. 'கோமதி மாதிரி புருசனைப் பாக்க முடியுமா' என்று தெருவே பேசியது. எனக்கும் அதில் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது?

நம் மருமகள் செல்வியும் அந்தப் பெருமையைக் கூடவே இருந்து பார்த்தவள்தானே. போன மாதம் ஒரு மத்தியானம் நானே சாப்பிடுகிறேன் என்று உட்கார்ந்தேன். வாய்க்குப் போனதைவிட மடியில் விழுந்ததுதான் அதிகம். செல்வி வந்து தட்டை வாங்கினாள்.

"அத்தை, எதுக்கு இந்தப் பாடு? நான் ஊட்டி விடுதேன், வாயத் தொறங்க."

அவள் கையைத் தட்டிவிட்டேன். சோறு சிதறியது. அவள் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்தபோதுதான் எனக்கு நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

சம்பந்தி வீட்டார் வந்திருந்த அன்று, நீங்களும் வலது கையைத் தட்டுக்குள் விட்டுச் சோற்றைப் பிசையப் பார்த்தீர்கள். பனியன் முழுக்கச் சாம்பார். நாலு பேர் முன்னால் இப்படியா என்று நான் தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஊட்ட வந்தேன். என் கையைத் தட்டிவிட்டீர்கள். வியாதிக்காரரின் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களே சாப்பிட நினைத்தீர்கள், இல்லையா? அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கையைத் தட்டுக்குக் கொண்டுவரவே இல்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன்: "அவுகளுக்கு நான் ஊட்டாம விட்டிருந்தா கை வந்திருக்குமா?"

அவள் என் விரலை நீவிக்கொண்டே, "அய்யாவுக்கு எவ்வளவு அடின்னு நான் பாக்கலையேம்மா. எப்படிச் சொல்ல?" என்றாள். பொய்யாவது சொல்லியிருக்கலாம். எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதி கிடைத்திருக்கும் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த மாதம் உங்கள் திதி. படையலில் இடது கை படக்கூடாது. செல்வியே இலையில் பரிமாறட்டும் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள், என்னைக் கேட்காமலே.

"எம்மா, அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாவ. யார் வச்சா என்ன?" என்றான் நம் முருகன்.

"ஒங்கப்பா நெனைப்பாவளா மாட்டாவளான்னு எனக்குத் தெரியும்லே. நான்தான் வைப்பேன்" என்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து மொச்சை போக, சோற்றிலும் பழகுகிறேன். அள்ள முடிகிறது. இலைக்கு மேலே கொண்டுபோய் விரலைத் திறப்பதற்குள் பாதி வழியிலேயே கொட்டுகிறது. சில நாள் திறக்கவே மாட்டேன் என்கிறது. நேற்று உருண்டை கையிலேயே ஒட்டிக்கொண்டது, மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். ஸ்டெல்லா, கோபத்தில்கூட விரல் கொஞ்சம் அசைகிறது என்று எழுதி வைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு உங்கள் இலையில் சோறு இந்தக் கையால்தான் விழும். கால் மணி நேரம் ஆகலாம். காகம் பொறுமையில்லாமல் கத்தலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வேன், ஊட்ட மாட்டேன். நீங்களே பிசைந்து சாப்பிடுங்கள். எத்தனை பேர் பார்த்தாலும் சரி, எவ்வளவு சிந்தினாலும் சரி, இலையைப் பிடுங்க மாட்டேன்.

உங்கள் தட்டைப் பிடுங்கிய வீட்டுக்காரி,
கோமதி
சங்கரன்கோவில்